குடியோட்டி என்கிற பிரமதண்டு

மதுரையைத் தாண்டித் தெற்கே வரும்போது, கரிசல் மண் தொடங்குகிற இடத்திலிருந்து ரோட்டோரத்தைக் கவனித்துப் பாருங்கள். தை பிறந்து, மழை ஈரம் வற்றி, மற்ற செடியெல்லாம் காய்ந்து சருகாகிற நேரத்தில் ஒரு மஞ்சள் பூ மட்டும் பளிச்சென்று நிற்கும். எங்கள் பக்கம் வருகிற சென்னை, கோவை நண்பர்கள் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுப்பது பெரும்பாலும் இந்தப் பூவைத்தான். எடுத்த படத்தை எனக்கு அனுப்பி, "அண்ணே, இது ஆவாரம்பூதானே?" என்று கேட்பவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் செல்போன் செயலியில் தேடிப் பார்த்துவிட்டு, "மெக்சிகன் பாப்பின்னு காட்டுது, நம்ம ஊர்ல இதுக்கு என்ன பேரு?" என்பார்கள்.

பிரமதண்டு என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி தயாராக வரும்: "ஓ, மூலிகையா? எதுக்குண்ணே நல்லது?" அங்கேதான் எனக்குக் கொஞ்சம் பயம். ஏனென்றால் இந்தச் செடிக்குச் சூட்டிய பெயர்களில் பாதி, வேறு ஏதோ செடியிடமிருந்து கடன் வாங்கியவை. பெயரோடு சேர்த்து அந்தச் செடியின் நல்ல பேரையும் இது வாங்கிக்கொண்டது. இன்னொரு பக்கம், இதே செடியின் விதையால் நம் நாட்டில் கொத்துக் கொத்தாக ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதனால் பெயர்க் கதையை முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் செடியை அடையாளம் கண்டுகொள்வோம். ஆவாரை கட்டைப் பிடித்த புதர், இலை புளிய இலைபோல ஜோடி ஜோடியாக இருக்கும், முள் கிடையாது. நெருஞ்சி தரையோடு தரையாகப் படரும், பூ சின்னது. நான் சொல்கிற செடி முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை நிமிர்ந்து நிற்கும். இலை நீலம் கலந்த பச்சை. நரம்பு ஓடுகிற இடமெல்லாம் சுண்ணாம்பு தடவினதுபோல வெள்ளை. இலை ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டு, ஒவ்வொரு நுனியிலும் முள். தண்டை ஒடித்தால் மஞ்சள் நிறத்தில் பால் வடியும். எருக்கு, கள்ளி மாதிரி வெள்ளைப் பால் இல்லை. மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி. இந்த ஒரு அடையாளம் போதும், நம் ரோட்டோரத்தில் வேறு செடியோடு குழம்ப வாய்ப்பு குறைவு.

பூவுக்குப் பெரும்பாலும் ஆறு இதழ். தொட்டால் பட்டுத்துணி மாதிரி மெல்லிசு, சீக்கிரமே உதிர்ந்துவிடும். நடுவில் நிறைய மகரந்தத் தாள்கள், அதற்கும் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு. பூ உதிர்ந்ததும் ஒரு விரற்கடை நீளத்துக்கு முள் முள்ளாய்க் காய் வரும். காய் முற்றினால் மேல்பக்கம் பிளந்து வாய் திறக்கும். உள்ளே சில நூறு விதைகள், கறுப்பாக, உருண்டையாக, பார்த்தால் கடுகேதான். இந்தக் கடுகு ஜாடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செடிநூல்காரர்கள் கணக்கில் இது கசகசாச் செடியின் குடும்பம். அபின் எடுக்கிற செடியும் அதே குடும்பம்தான். கசகசாக் காயைக் கீறினால் பால் வடிவதும், இதை ஒடித்தால் மஞ்சள் பால் வடிவதும் அந்த உறவால் வந்தது. செயலி 'பாப்பி' என்று காட்டுவதும் அதனால்தான்.

எங்கள் பக்கம் இதற்குப் பல பெயர் புழங்குகிறது. மருந்து தெரிந்தவர்கள் வாயில் பிரமதண்டு, அல்லது பிரம்மதண்டு. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் குடியோட்டிப் பூண்டு என்பார்கள். குருக்கஞ்செடி என்றும் ஒரு பெயர் உண்டு. பொன்னூமத்தை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்டால் பெயருக்கு முன்னால் வசவுதான் வரும். ஆடு, மாடு எதுவும் இதைத் தின்னாது. சுற்றியிருக்கிற புல்லையெல்லாம் மொட்டையடித்துவிட்டு இதை மட்டும் விட்டுவைக்கும். ரோட்டோரத்தில் இது ஜம்மென்று நிற்பதற்கு முதல் காரணமே அதுதான். இரண்டாவது காரணம், கிளறிய மண் என்றால் இதற்கு உயிர். ரோடு போட மண்ணைக் கொட்டிய இடம், கண்மாய் மராமத்துப் பார்த்த கரை, களத்துமேடு, இடிந்த வீட்டுக் குட்டிச்சுவர் என்று எங்கே வேறு செடிக்குப் பிடிமானம் இல்லையோ அங்கே இது முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இவ்வளவு பெயர், இவ்வளவு பழக்கம். கேட்பவர்களுக்கு ஆதிகாலம் தொட்டே நம் மண்ணில் இருக்கிற செடி என்றுதான் தோன்றும். ஆனால் இது மெக்சிகோ, மேற்கிந்தியத் தீவுகள் பக்கத்துச் செடி. கொலம்பஸ் கடல் தாண்டிப் போன 1492-க்கு முன்னால் இது இந்த நாட்டில் இருந்திருக்க வழியில்லை. மிளகாய், நிலக்கடலை, சப்பாத்திக்கள்ளி எல்லாம் அந்தக் கண்டத்திலிருந்துதான் வந்தன. எருக்கு, ஆவிரை, பூளை, தும்பை, நெருஞ்சி என்று நம் வறண்ட நிலத்துப் பூக்களின் பெயர்கள் சங்கப் பாடல்களில் இருக்கின்றன. குறிஞ்சிப்பாட்டில் மட்டுமே தொண்ணூற்றுச் சொச்சம் பூக்களின் பட்டியல் உண்டு. அந்தப் புலவர்கள் இந்த மஞ்சள் பூவைப் பார்த்திருக்கவே முடியாது.

வெள்ளைக்காரன் காலத்தில் வந்து சேர்ந்த பல செடிகளுக்கு நம் ஆட்கள் 'சீமை' என்று ஒரு முத்திரை குத்திவிட்டார்கள். சீமைக் கருவேலம், சீமை அகத்தி என்று சொல்லும்போதே வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடும். அதற்கும் முந்தி வந்தவற்றுக்கு அந்த முத்திரை விழவில்லை. மிளகுபோல உறைத்த காயை மிளகாய் என்று சொல்லி வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம். இந்தச் செடியும் அந்த வரிசைதான். பெயரில் சீமை வாடையே இல்லாததால், வந்த செடி என்பதை மூன்று நான்கு தலைமுறையிலேயே மறந்திருப்பார்கள்.

புதுச் செடி ஒன்று ஊருக்குள் வந்தால் பெயர் எப்படி வைப்பார்கள்? ரொம்ப லேசான வழி, ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு ஜாடை பார்ப்பது. முள் முள்ளான காயைப் பார்த்தவர்களுக்கு ஊமத்தங்காய் ஞாபகம் வந்திருக்கிறது. பூ பொன் நிறம். ஆகவே பொன்னூமத்தை. இது நம் ஆட்களுக்கு மட்டும் தோன்றிய யோசனை கிடையாது. மலையாளத்தில் பொன்னும்மத்தம், கன்னடத்தில் அரிசின தத்தூரி, அதாவது மஞ்சள் ஊமத்தை. மராத்தியில் பிவளா தோத்ரா, இந்தியில் பீலா தத்தூரா, இரண்டுக்கும் அதே பொருள்தான். திருவனந்தபுரத்திலிருந்து டில்லி வரை, ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொள்ளாமலே, ஒரே ஜாடையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். செடிநூல்படி ஊமத்தைக்கும் இதற்கும் சொந்தமே கிடையாது. ஊமத்தை கத்தரிக்காய்க் குடும்பம். ஆனால் காயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் வைத்த பெயர் என்பது மட்டும் தெரிகிறது. ஊமத்தை விஷம் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், இந்தப் பெயரில் ஒரு எச்சரிக்கையும் சேர்ந்தே வந்துவிட்டது.

இதே பெயர் வைக்கும் வேலை கடலுக்கு அந்தப் பக்கமும் நடந்தது. அதைப் பார்த்தால் நம் கதை இன்னும் விளங்கும்.

மெக்சிகோவின் பூர்வகுடிகள் இதை வைத்து அழைத்த பெயரிலிருந்து வந்த 'சிகலோத்தே' என்ற பெயர் அங்கே இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே போய் இறங்கிய ஸ்பானியர்களுக்கு இலையைப் பார்த்ததும் தங்கள் ஊர் முட்செடி ஒன்று நினைவுக்கு வந்தது. ஐரோப்பாவில் மருந்துக்குப் பெயர்போன அந்தச் செடிக்குக் 'கார்தோ சாந்தோ' என்று பெயர், புனித முட்செடி என்று அர்த்தம். அந்தப் பெயரையே இதற்கும் கொடுத்துவிட்டார்கள். காயைப் பார்த்த வேறு சிலர் 'இகோ தெல் இன்ஃபியெர்னோ' என்றார்கள். நரகத்து அத்திக்காய்! ஒரே செடிக்கு ஒரு வாயில் புனிதம், இன்னொரு வாயில் நரகம்.

இங்கிலாந்தில் ஜான் ஜெரார்ட் என்பவர் 1597-ல் ஒரு பெரிய மூலிகை நூல் வெளியிட்டார். அதிலேயே இந்தச் செடி வந்துவிட்டது. அவர் இதற்கு வைத்த பெயர் 'பெரு நாட்டுப் பொன் முட்செடி'. விதை அவர் கைக்கு வந்ததோ மேற்கிந்தியத் தீவு ஒன்றிலிருந்து. அவர் நினைத்த முட்செடிகள் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை, இது அதுவும் இல்லை. பொன் என்ற ஒரு வார்த்தை மட்டும் தப்பித்தது.

அடுத்து அறிவியல் பெயர். செயலியில் வருகிற 'அர்கெமோனே மெக்சிகானா' என்ற பெயரைச் சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட செடிநூலில் பதிவு செய்தார். மெக்சிகானா என்பது சொந்த ஊரைச் சொல்கிறது. முன்பாதியான அர்கெமோனே என்ற பெயரை அவருக்கு முன்பே பிரான்சில் தூர்ன்ஃபோர் என்ற செடிநூலறிஞர் இந்தச் செடிக்குப் பயன்படுத்தியிருந்தார். அதுவும் கடன் வாங்கியதுதான். கிரேக்கத்தில் 'அர்கெமா' என்றால் கண்ணில் விழும் வெள்ளைப் படலம். அந்தக் கண்நோய்க்கு மருந்தாகக் கசகசாச் செடி ஜாடையில் ஒரு செடியை அக்காலத்தவர்கள் அர்கெமோனே என்று அழைத்தார்கள். முதல் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் டியாஸ்கொரிடிஸ் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அது மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. மெக்சிகோச் செடியை அவர் கனவிலும் கண்டதில்லை. ஆனாலும் 1,600 வருஷம் கழித்து அந்தக் கண் மருந்தின் பெயர் இதன் தலையில் ஏறி உட்கார்ந்தது. பட்டறிவுக்காரர்கள்தான் ஜாடை பார்த்துப் பெயர் வைப்பார்கள், படித்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேரும் செய்தது ஒரே வேலைதான்.

இப்போது நம் பக்கத்து மருந்து நூல்களுக்கு வருவோம். பழைய ஆயுர்வேத நூல்களில் சுவர்ணக்ஷீரி என்றொரு மூலிகை உண்டு. பொன் நிறப் பால் உடையது என்று பொருள். இன்றைக்குப் பல இடங்களில் சுவர்ணக்ஷீரி என்று கேட்டால் நம் ரோட்டோரச் செடியைத்தான் கொடுப்பார்கள். பெயர் கச்சிதமாகத்தான் பொருந்துகிறது. மஞ்சள் பால் வடிகிறதே! ஆனால் அந்த நூல்கள் எழுதப்பட்டபோது இந்தச் செடி உலகத்தின் மறுகோடியில் இருந்தது. அப்படியானால் நூல் சொல்கிற சுவர்ணக்ஷீரி வேறு ஏதோ செடி. அது எது என்று ஆயுர்வேத அறிஞர்களுக்குள் இன்றைக்கும் விவாதம் நடக்கிறது.

பிரமதண்டு என்ற பெயரும் இப்படியேதான் சிக்கலானது. பிரமனின் தண்டம் என்று அர்த்தம். தமிழிலும் தெலுங்கிலும் அந்தப் பெயர் இந்த மஞ்சள் பூச்செடியைக் குறிக்கிறது. நீங்கள் மகாராஷ்டிரத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் பிரம்மதண்டி கேட்டால் அவர்கள் எடுத்துக் கொடுப்பது வேறு. அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி, டிரைக்கோலெபிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். மஞ்சள் பூவும் கிடையாது, மஞ்சள் பாலும் கிடையாது. அந்தச் செடிக்கு எழுதிய மருந்துக் குறிப்பை மொழிபெயர்த்து ஒருவர் தமிழில் போட்டால், படிக்கிறவர் ரோட்டோரத்தில் போய் இதைப் பிடுங்குவார். பெயர் ஒன்று, செடி இரண்டு. வாட்ஸ்அப்பில் வருகிற மூலிகைக் குறிப்புகளைப் பார்க்கும்போது எனக்கு முதலில் வருகிற கவலை இதுதான்.

இப்படிச் சொல்வதால் இது மருந்துக்கே ஆகாத செடி என்று நான் சொல்லவில்லை. சித்த மருத்துவத்தில் பிரமதண்டு இடம்பிடித்திருக்கிறது. முறையாகப் படித்த வைத்தியர்கள் எந்தப் பாகத்தை, எப்படிச் சுத்தி செய்து, எவ்வளவு கொடுப்பது என்று தெரிந்து பயன்படுத்துகிறார்கள். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் கிராம வைத்தியர்கள் மலேரியாக் காய்ச்சலுக்கு இதன் கஷாயத்தைக் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்து, முறையான மருத்துவ ஆய்வே நடத்தியிருக்கிறார்கள். வந்த இடமெல்லாம் மக்கள் இதைச் சோதித்துப் பார்த்து மருந்தாக்கி இருக்கிறார்கள். அது அந்தந்த ஊர் அனுபவ அறிவு, மதிக்க வேண்டியது. நான் சொல்ல வருவது, அந்த அறிவுக்கு வயது ஐந்நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு மேல் இருக்க முடியாது என்பதைத்தான். ரெண்டாயிரம் வருஷ அனுபவம் என்று நம்பிக் குடிக்கக் கூடாது.

அடுத்துச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

1877-ல் கல்கத்தாவில் ஒரு விநோதமான நோய் பரவியது. குடும்பம் குடும்பமாக ஆட்களுக்குக் கால் வீங்கியது. தோல் சிவந்தது, மூச்சு வாங்கியது, இதயம் செயலிழந்து சிலர் செத்தார்கள். அடுத்த வருஷம் மொரிஷியஸ் தீவிலும் அதே நோய். கல்கத்தாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன இந்தியத் தொழிலாளர்களிடம்தான் அது கண்டது. ஆங்கில மருத்துவர்கள் இதற்கு 'கொள்ளைநோய் நீர்க்கோவை' என்கிற பொருளில் பெயர் வைத்தார்கள். ஒட்டுவாரொட்டி நோய் என்றார்கள் சிலர். பெரிபெரி என்றார்கள் சிலர். கெட்டுப்போன அரிசியால் வருகிறது என்று ஒரு கட்சி ரொம்ப நாள் வாதாடியது. ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்குச் சேர்ந்தாற்போல வருகிறது, பால் மட்டும் குடிக்கிற கைக்குழந்தைக்கு வருவதில்லை என்பதுதான் துப்பு. ஐம்பது வருஷம் அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள்.

வங்காளத்தில் சமையல் என்றால் கடுகெண்ணெய்தான். 1926-ல் சர்க்கார் என்ற மருத்துவர் கடுகெண்ணெயில் வேறொரு விதையின் எண்ணெய் கலந்திருப்பதுதான் காரணம் என்று சந்தேகத்தைக் கிளப்பினார். 1937-ல் லால், ராய் என்ற ஆய்வாளர்கள் சோதனை செய்து அதை உறுதிப்படுத்தினார்கள். அந்த இன்னொரு விதை எது? வங்காளிகள் அதை ஷியால்காண்டா, அதாவது நரிமுள் என்பார்கள். நம் மஞ்சள் பூவேதான். கடுகு விளைகிற பனிக்கால வயலில் இதுவும் களையாக முளைக்கும். கடுகு முற்றும்போது இதுவும் முற்றும். கதிரடிக்கும்போது இரண்டும் ஒரே அம்பாரத்தில் சேரும். தெரியாமல் கலந்தது பாதி என்றால், தெரிந்தே கலந்தது மீதி. இந்த விதையில் மூன்றில் ஒரு பங்கு வரை எண்ணெய் இருக்கிறது. விளக்கெரிக்க அந்த எண்ணெயை ஆட்டி எடுப்பதும் உண்டு. காசுபோட்டு விதைக்க வேண்டாத, உழ வேண்டாத ஒரு விதையிலிருந்து அவ்வளவு எண்ணெய் கிடைக்கும்போது, கலப்படக்காரன் சும்மா இருப்பானா?

விஷத்துக்குப் பெயர் சங்குவினரின். இது உடம்பின் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, கசிய விட்டுவிடும். அதனால்தான் வீக்கம். எண்ணெயில் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே நோய் வரப் போதும் என்கிறார்கள். இன்னொரு கொடுமை, இந்த நோய் கண்ட சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வையே போகும். கண் மருந்தின் பெயரைச் சுமக்கிற செடி, கண்ணைக் கெடுக்கிறது. பெயரை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல? நம் நாட்டிலும் இதன் மஞ்சள் பாலைக் கண்ணில் விடுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. யார் சொன்னாலும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இது ஏதோ பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 1998 ஆகஸ்டில் டில்லியில் இதே நோய் வந்தது. சுமார் 3,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றைக்கு நாட்டின் தலைநகரத்தில், அத்தனை ஆய்வுக்கூடங்கள் இருந்தும், சில்லறையில் அளந்து விற்ற எண்ணெய் வழியாக இந்த விதை அடுப்பங்கரைக்குள் வந்துவிட்டது. அதே வருஷம் செப்டம்பரில்தான், சமையல் எண்ணெயை அடைத்து முத்திரையிட்டே விற்க வேண்டும் என்ற மத்திய அரசின் ஆணை வந்தது. நீங்கள் கடையில் வாங்குகிற எண்ணெய்ப் பாக்கெட்டுக்குப் பின்னால் எங்கள் ரோட்டோரச் செடியின் கதையும் இருக்கிறது.

"நாங்க நல்லெண்ணெயும் கடலெண்ணெயும்தானே ஊத்துறோம், நமக்கென்ன?" என்று கேட்கலாம். எண்ணெய் வேறாக இருக்கலாம். தாளிப்புக்குக் கடுகு இல்லாத தமிழ் வீடு ஏது? நம் ஊரில் கடுகு விளைச்சல் குறைவு. நீங்கள் தாளிக்கிற கடுகில் பெரும்பங்கு ராஜஸ்தான் மாதிரி வடக்கத்தி மாநிலங்களிலிருந்து வருகிறது. அங்கே பனிக்கால வயலில் இந்தக் களை சகஜம். தாளிக்கிற அளவுக்கு அஞ்சாறு விதை விழுந்தால் யாரும் சாகப் போவதில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் பார்க்கத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கொஞ்சம் கடுகை வெள்ளைத் தாளில் கொட்டி, வெளிச்சத்தில் பாருங்கள். கடுகு வழவழவென்று உருண்டையாக இருக்கும். இந்த விதை இன்னும் கறுப்பாக, மேலே சொரசொரவென்று வலை பின்னினதுபோல இருக்கும். சந்தேகமிருந்தால் நகத்தால் நசுக்குங்கள். கடுகின் உள்ளே மஞ்சள். இதன் உள்ளே வெள்ளை. எண்ணெயில் கலந்திருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் நைட்ரிக் அமிலம் விட்டுப் பார்ப்பார்கள், கலப்படம் இருந்தால் சிவந்துவிடும். அந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள், அமிலம் விளையாட்டுச் சாமான் இல்லை.

இப்போது குடியோட்டி என்ற பெயருக்கு வருகிறேன். குடியை ஓட்டுவது என்பது நேர்ப் பொருள். இந்தியில் சத்யானாசி என்றொரு பெயர் இருக்கிறது, சர்வநாசம் பண்ணுவது என்று அர்த்தம். தெலுங்கில் பலுரக்கசி என்பார்கள், அந்த ரக்கசி நம் ராட்சசிதான். பிரமனின் தண்டம் ஒருபக்கம், ராட்சசி இன்னொரு பக்கம். மெக்சிகோவில் புனித முட்செடியும் நரகத்து அத்தியும் ஒரே செடியில் உட்கார்ந்த மாதிரியே இங்கேயும் ஆகியிருக்கிறது.

ஏன் குடியோட்டி? எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர், "இது வீட்டுவாசல்ல முளைச்சா குடும்பம் வெளங்காது" என்பார்கள். அதனால் வாசலில் கண்டால் உடனே பிடுங்கி எறிவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. இது முளைப்பதே ஆள் நடமாட்டம் நின்றுபோன இடத்தில். தினமும் வாசல் தெளித்துக் கூட்டுகிற வீட்டு முன்னால் இது எப்படி வரும்? மழை பொய்த்து, பஞ்சம் வந்து, பிழைப்புத் தேடி ஊரையே காலி செய்து போவது இந்த மண்ணுக்குப் புதிது கிடையாது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின் கதையை எங்கள் பாட்டி காலத்தவர்கள்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன வீட்டுச் சுவர் இடிந்து, கிளறிய மண்ணில் இந்தச் செடி முளைத்து நிற்கும். திரும்பி வந்து பார்த்தவன் கண்ணுக்கு, தன் வீட்டுக்குள் குடியிருக்கிற முட்செடிதான் தன்னை விரட்டியதாகத் தோன்றியிருக்காதா? குடி போன பிறகு வந்த செடிக்குக் குடியை ஓட்டியது என்று பேர் வந்திருக்கலாம். இது என் ஊகம்தான். இன்றைக்கும் எங்கள் ஊரில் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டவர்களின் பூட்டிய வீடுகளைப் பார்க்கிறேன். தை மாசம் அந்த வாசல்களில் மஞ்சளாக நிற்பது இதுதான்.

இத்தனை பெயர்களில் எது சரியான பெயர் என்று கேட்டால், எல்லாமே இருக்கட்டும் என்பேன். ஊர் விட்டு ஊர் பேசும்போது அறிவியல் பெயர் வேண்டும். அது இருந்தால்தான் மகாராஷ்டிரத்துப் பிரம்மதண்டியும் நம் பிரமதண்டும் வேறு வேறு என்று பிரித்துச் சொல்ல முடியும். கடையில் மூலிகை வாங்கும்போதும், யாராவது குறிப்பு அனுப்பும்போதும் அந்தப் பெயரைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் குடியோட்டி என்றோ பொன்னூமத்தை என்றோ சொல்லிக்கொடுங்கள். பூவைப் பார்த்துக் கை நீட்டுகிற குழந்தைக்கு, தொட்டுப் பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது என்பதை அந்தப் பெயர்களே பாதி சொல்லிவிடும்.

இந்தப் பங்குனியில் தெற்கே வந்தால் வண்டியை நிறுத்திப் பாருங்கள். போட்டோ எடுங்கள், இலை நரம்பின் வெள்ளையைப் பாருங்கள், ஒரு இலைக்காம்பைக் கிள்ளி மஞ்சள் பால் வருகிறதா என்று பாருங்கள். பார்த்த கையை நன்றாகக் கழுவிவிட்டுப் பிறகு கண்ணைத் துடையுங்கள். உங்கள் அப்பா அம்மா பிறந்த ஊரில் இதற்கு வேறு பெயர் இருந்தால், இன்னும் ஞாபகம் வைத்திருக்கிற பெரியவர்களிடம் கேட்டு எனக்குச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரோடு சேர்த்துக் குறித்துவைத்துக்கொள்கிறேன்.